அளப்பது கால்களை, வேலை கண்ணுக்கு: ஏர்போர்ட் செக்கிங் ஆட்களை எடுக்கும் விதம்

காலடிப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: துபாயில் இருக்கும் அக்காவைப் பார்க்க அம்மா முதல்முறையாக விமானம் ஏறினார்கள். செக்கிங்கில் மாங்காய்த் தொக்கைப் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிட்டார்கள். இந்தியில் ஏதோ அதட்டினார்கள். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்கள். இவர்களையெல்லாம் என்ன தகுதி பார்த்து எடுக்கிறார்கள்? பி.காம் முடித்த என் தம்பி அதே வேலைக்குத்தான் போவேன் என்கிறான், விடலாமா?

நான் பதினொரு வருடம் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் பெட்டியைப் பார்த்துச் சம்பளம் வாங்கிய ஆள். எந்த ஊர், எந்த கம்பெனி என்பது வேண்டாம். இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்டு, இந்தத் தேர்வுகளுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்கிற தைரியத்தில் சொல்கிறேன்: ஆளைக் கறாராகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அளக்கிறது கால்களை, வேலை பார்க்க வேண்டியது கண்ணும் வாயும். உங்கள் அம்மா அழுததற்கும் உங்கள் தம்பி போகலாமா என்பதற்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் குழம்புகிறார்கள். வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்ப்பவர், உள்ளே நம்மைத் தடவிப் பார்த்துக் கைப்பையை எக்ஸ்ரேயில் விடுபவர், இவர்கள் சிஐஎஸ்எஃப், மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. நம் ஏரியாவுக்கு இவர்கள் ஒன்றும் புதிது இல்லை, ஹார்பர் கேட்டில் லாரி பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரே, அதே படைதான். தொழிற்சாலைகளைக் காவல் காக்க 1969இல் ஆரம்பித்தார்கள். விமான நிலையங்கள் அப்போது மாநில போலீஸிடம் இருந்தன. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த ஐசி 814 விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திக்கொண்டு போன பிறகுதான், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, ஒவ்வொரு விமான நிலையமாக இவர்கள் கைக்கு வந்தது. வரிசையை ஒழுங்குபடுத்துவது மாதிரியான வேலைகளுக்கு இப்போது தனியார் செக்யூரிட்டி ஆட்களும் நிற்கிறார்கள், சிஐஎஸ்எஃப் இடங்களில் மூவாயிரத்துச் சொச்சத்தை எடுத்துவிட்டு அவர்களைக் கொண்டுவந்தார்கள்.

நாம் கவுண்டரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற பெரிய பெட்டி இருக்கிறதே, அதைப் பார்ப்பது வேறு ஆள். அவருக்கு ஸ்கிரீனர் என்று பெயர். விமான நிலையத்தை நடத்துகிற நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ விமான கம்பெனியோ அவரை வேலைக்கு வைத்திருக்கும். துப்பாக்கி இல்லை, அதட்டுகிற அதிகாரமும் இல்லை. நான் அந்த ரகம். இவர்கள் எல்லோருக்கும் மேலே விதி போடுகிற இடம் பிசிஏஎஸ், விமானப் பாதுகாப்பு ஆணையம். எக்ஸ்ரே முன்னால் யார் உட்கார்ந்தாலும், படைவீரரோ கம்பெனி ஆளோ, அதற்கான பயிற்சி முடித்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். சும்மா ஒருத்தரைப் பிடித்து உட்காரவைத்துவிட முடியாது.

சரி, சிஐஎஸ்எஃப் கான்ஸ்டபிளை எப்படி எடுக்கிறார்கள்? மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம், அதாவது எஸ்எஸ்சி, நடத்தும் எஸ்எஸ்சி ஜிடி என்று ஒரு தேர்வு. பத்தாவது பாஸ் போதும், வயது 18 முதல் 23, பிற்படுத்தப்பட்டவர்களுக்கு மூன்று வருடமும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஐந்து வருடமும் தளர்வு உண்டு. கம்ப்யூட்டரில் 80 கேள்வி, 60 நிமிடம். 2024இலிருந்து தமிழிலும் எழுதலாம், அது பெரிய விஷயம், அதற்கு முன்னால் இந்தி அல்லது ஆங்கிலம்தான். ஆனாலும் மொழிப் பகுதி என்று வருகிற 20 கேள்விகள் இன்னமும் அந்த இரண்டில் ஒன்றில்தான். அப்புறம் ஓட்டம். ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில். உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ, பெண்களுக்கு 157. மார்பு 80, மூச்சை இழுத்தால் இன்னும் 5. பிறகு மருத்துவப் பரிசோதனை. இதில் எங்கேயாவது "இந்தப் பையன் ஒரு படத்தைப் பார்த்து உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பானா" என்கிற கேள்வி வருகிறதா? வராது. "ஒரு வயசான அம்மாவிடம் எப்படிப் பேசுவான்" என்பதும் வராது.

என்னிடம் வியாசர்பாடி முல்லை நகர் பக்கத்துப் பையன் ஒருவன் படித்தான். ஃபுட்பால் ஆடுகிறவன், 5 கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் ஓடிவிட்டு வந்து கதை பேசுவான். வகுப்பில் பயிற்சிக்காக எக்ஸ்ரே படங்களைக் காட்டும்போது மற்றவர்கள் குடையையும் சார்ஜரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவன் அதற்குள் பெட்டியின் கைப்பிடிக் கம்பியோடு கம்பியாகச் சொருகிவைத்த கத்தியைக் காட்டிவிடுவான். உயரம் நூற்று அறுபத்தெட்டரை. ஒன்றரை சென்டிமீட்டரில் போச்சு. அளந்தவரைக் குறை சொல்லவில்லை, விதி விதிதான். படைவீரன் என்றால் நாளைக்கு அவனைத் துறைமுகத்திலும் போடுவார்கள், அணுமின் நிலையத்திலும் போடுவார்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தந்த வேலைக்குத் தேவையான கண் நுழைவிலேயே சோதிக்கப்படாமல், எடுத்த பிறகு பயிற்சியில்தான் தெரியவருகிறது. அதில் தேறாதவரைத் திரையில் உட்காரவைக்க மாட்டார்கள் என்பது உண்மை, ஆனால் அந்தப் பையன் மாதிரி கண் இருக்கிறவன் வெளியிலேயே நின்றுவிடுகிறான் என்பதும் உண்மை.

(இடையில் ஒன்று. இந்தப் படையின் பயிற்சி மையங்களில் ஒன்று நம் அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் இருக்கிறது. 2025இல் அதற்கு ராஜாதித்த சோழன் பெயர் வைத்தார்கள். 949இல் அதே தக்கோலத்துப் போரில் யானை மேலேயே உயிர் விட்டவர். வட இந்தியப் பிள்ளைகள் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே ஓடிப் பழகுகிறார்கள், நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.)

இப்போது அந்தத் திரையில் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். எக்ஸ்ரே படம் நிறத்தில் பேசும். துணி, சாப்பாடு, காகிதம், சோப்பு, மரம் எல்லாம் ஆரஞ்சு. இரும்பு, செம்பு மாதிரி உலோகம் நீலம். நடுத்தரமானவை, கண்ணாடி, அலுமினியம், கலவையாக இருப்பவை பச்சை. கதிர் உள்ளே போக முடியாத அளவுக்குக் கெட்டியானது கறுப்பு. சிக்கல் எங்கே என்றால், வெடிமருந்தும் ஆரஞ்சு, அல்வாவும் ஆரஞ்சு. ஒரு கிலோ புளியை உருண்டையாகப் பிடித்து அதன் பக்கத்தில் செல்போன் சார்ஜரைச் சுருட்டி வைத்தால் திரையில் அது என்ன மாதிரி இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். காசிமேட்டு வஞ்சிரக் கருவாடு ரொம்ப அழகாகத் தெரியும், முள்ளோடு, அதை ஒரு செகண்டில் விட்டுவிடலாம். ஆனால் நம் வீட்டு எவர்சில்வர் சம்படம் இருக்கிறதே, அதில்தான் தலைவலி. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் கருநீலமாக ஒரு வட்டம் மட்டும் தெரியும், உள்ளே முறுக்கா வேறெதாவதா தெரியாது. தெரியவில்லை என்றால் திறந்துதான் ஆக வேண்டும். ஒருமுறை அந்தமான் போகிற ஒரு ஆயா கைப்பையில் சின்ன அம்மிக்கல் வைத்திருந்ததாகக் கைப்பை பக்கத்தில் இருந்த நண்பர் சொன்னார். கல்லையும் குழவியையும் புடவையில் சுற்றி, திரையில் பார்த்தால் கறுப்பாக ஒரு செங்கல்லும் ஒரு உருளையும். மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஆயா, "மருமக மிக்சியில அரைச்சுக் கொட்டுறா, வேறென்ன பண்றது" என்றார்களாம்.

இதையெல்லாம் நாள் முழுக்க ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். அதனால்தான் ஐரோப்பாவில் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் ஒருவரைத் திரையில் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, நாங்களும் அந்தக் கணக்கில்தான் மாறுவோம், ஆள் குறைவான இரவு ஷிஃப்டில் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்பது வேறு கதை. தூங்கவிடாமல் இருக்க மெஷினே ஒரு வேலை செய்யும். போகிற பைகளின் படத்துக்குள் நடு நடுவே துப்பாக்கி, வெடிகுண்டு என்று பொய்ப் படத்தை நுழைத்துவிடும். பார்த்ததும் பட்டனை அழுத்தினால், "இது சோதனைப் படம்" என்று சொல்லும். விட்டுவிட்டால் உங்கள் பேரில் பதிவாகும். என் ஐந்தாவது வருடத்தில், விடியற்காலை நாலரை மணிக்கு, பெரிய குழந்தை பொம்மை ஒன்றுக்குப் பக்கத்தில் வந்த கைத்துப்பாக்கிப் படத்தை நான் விட்டுவிட்டேன். பொய்த் துப்பாக்கிதான். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த ஒரு வாரம் நான் சந்தேகப்பட்டு நிறுத்திய பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை.

உங்கள் அம்மாவின் பையைத் திறந்ததற்குக் காரணம் இதுதான். தேவையில்லாமல் ஒரு பையைத் திறந்தால் பயணிக்கு ஐந்து நிமிடம் போகும், திட்டுவார், அவ்வளவுதான். திறக்க வேண்டியதை விட்டால் வேலையே போகும், அதற்கு மேலும் போகலாம். 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி ராத்திரி மீனம்பாக்கத்தில் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து முப்பது பேர் அளவில் செத்தார்கள், வயசானவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். அதனால் சந்தேகம் வந்தால் திற என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம், அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். தொக்கு விஷயமும் அப்படித்தான். 2006 ஆகஸ்டில் லண்டனில், குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்து கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கப் போட்ட திட்டம் பிடிபட்டது. அதிலிருந்து வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் திரவமோ குழம்பு பதத்தில் எதுவுமோ 100 மில்லிக்கு மேல் இருக்கும் பாத்திரத்தில் கொண்டுபோக முடியாது. தொக்கு அவர்கள் கணக்கில் குழம்பு பதம். உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலோடு போய்ப் பழகிய நம் ஆட்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தொக்கை எடுத்தது சரி.

அதட்டியது சரியில்லை. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் பாதுகாப்புக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்கள், 2021 ஏப்ரலில் அதை உள்நாட்டுக்கு 200 ரூபாய், வெளிநாட்டுக்கு 12 டாலர் என்று ஆக்கினார்கள். காசு கொடுத்துவிட்டு மொழி தெரியாமல் திட்டு வாங்குவது என்ன நியாயம்? 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்ன கனிமொழி எம்.பி.யிடம் "நீங்கள் இந்தியரா" என்று ஒரு சிஐஎஸ்எஃப் அதிகாரி கேட்டதாக அவரே சொன்னார், விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். எம்.பி.க்கே அப்படி என்றால் காலடிப்பேட்டை அம்மாவுக்கு யார் கேட்பது. 2021இல் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று வீடியோவில் முறையிட்ட பிறகு அந்தப் படை மன்னிப்புக் கேட்டது. நல்லதுதான், ஆனால் முகம் தெரிந்தவர்களுக்குத்தான் மன்னிப்பு வருகிறது.

அதே நேரம் எதிரில் நிற்கிறவனையும் பாருங்கள். ராஜஸ்தான் கிராமத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன், பாஷை தெரியாத ஊர், ஒரு ஷிஃப்டில் "பெல்ட் கழற்று, லேப்டாப் வெளியே எடு" என்று ஐந்நூறு தடவை சொல்லியிருப்பான். எனக்குப் பழக்கமான ஒருத்தனுக்கு டீ இடைவேளையில் நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுத்தேன்: "பாட்டி, பையைத் திறங்க, பயப்படாதீங்க." அடுத்த நாள் ஓடிவந்து சொல்கிறான், பாட்டி பையைத் திறந்து அவனுக்கே ஒரு அதிரசம் எடுத்துக் கொடுத்தார்களாம், வாங்கக் கூடாது என்பதால் வாங்கவில்லை, அதில் அவனுக்கு வருத்தம். நாலு வார்த்தைக்கு ஆன செலவு ஒரு டீ. இதை ஏன் எந்த விமான நிலையத்துக்கு அனுப்பினாலும் முதல் வாரத்துப் பாடமாக வைக்கக் கூடாது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அமெரிக்காவில் நன்றாகச் செய்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அங்கே 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்னால் குறைந்த கூலிக்குத் தனியார் ஆட்கள்தான் இந்த வேலையைப் பார்த்தார்கள். அந்த நவம்பரிலேயே டிஎஸ்ஏ என்று அரசு அமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பு போதும், ஆனால் வேலைக்கு எடுப்பதற்கு முன்பே எக்ஸ்ரே படங்களைக் காட்டிச் சோதிக்கிற கம்ப்யூட்டர் தேர்வு ஒன்று உண்டு, அது எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் 2015இல் அந்நாட்டு அரசே ஆட்களுக்கு வேஷம் போட்டு அனுப்பிச் சோதித்தபோது 70 முறையில் 67 முறை கோட்டை விட்டார்கள் என்று செய்தி வந்தது. அதனால் எடுக்கிற விதத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை, அலுப்பு, ஆள் பற்றாக்குறை, சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆளைத் திரையில் விழித்திருக்க வைக்கிறது.

உங்கள் தம்பிக்கு வருகிறேன். பி.காம் என்றால் மூன்று வழி. 23 வயதுக்குள், 170 செ.மீ உயரம் என்றால் கான்ஸ்டபிள், அடிப்படைச் சம்பளம் 21,700இல் தொடங்கும், படிகள் தனி, ஓய்வு வரை நிலையான வேலை, எங்கே போடுவார்கள் என்பது மட்டும் நம் கையில் இல்லை. டிகிரி இருப்பதால் எஸ்எஸ்சி நடத்தும் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வும் எழுதலாம், வயது 20 முதல் 25, அடிப்படை 35,400, போட்டி கடுமை. மூன்றாவது ஸ்கிரீனர். விமான நிலைய ஆணையத்தின் துணை நிறுவனம் 2023 கடைசியில் 906 இடத்துக்கு அறிவிப்பு விட்டது: ஏதாவது ஒரு டிகிரியில் 60 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 55, வயது 27க்குள். உயரம், ஓட்டம் கிடையாது, கண்ணும் நிறப் பார்வையும் காதும் சரியாக இருக்க வேண்டும். மாதம் 30,000, அடுத்த வருடம் 32,000, மூன்றாம் வருடம் 34,000, மூன்று வருட ஒப்பந்தம். அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை, அதைத் தெரிந்துகொண்டு போகட்டும். என் வியாசர்பாடி பையன் இந்த வழியில்தான் முயற்சி செய்கிறான்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு விமான நிலைய நுழைவு அட்டை வேண்டும், அதற்குப் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. நம் பக்கம் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்போம், ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் ஒன்று, இருப்பது இன்னொன்று. இதை முன்கூட்டியே ஒன்றாக்கி வைக்காவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். கோயில் திருவிழாத் தகராறு, பைக் சண்டை என்று கூட்டத்தோடு கூட்டமாக ஒரு எஃப்ஐஆரில் பேர் இருந்தால் பெரிய பேஜார். வேலை கிடைத்த பிறகு மறைத்துப் பிடிபட்டால் அதைவிட மோசம், படிவத்தில் கேட்டால் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றும் நடக்கிறது. என் மாணவி ஒருத்தியிடம் ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூவில் முகவரியைப் படித்துவிட்டு, "அங்கேயா இருக்கீங்க, சேஃபா?" என்று சிரித்தார்களாம். எந்த விதியிலும் எழுதாத தகுதி அது. அவள் "ஆமாம் சார், அங்கே இருந்துகொண்டுதான் 82 சதவீதம் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை, வேறு இடத்தில் கிடைத்தது.

போக்குவரத்தையும் யோசியுங்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக ஏர்போர்ட்டுக்குப் போகிறது, காலடிப்பேட்டையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். ஆனால் முதல் வண்டியே காலை ஐந்து மணிக்குத்தான். அதற்கு முன்னால் தொடங்கும் ஷிஃப்ட் என்றால் கம்பெனி வண்டி உண்டா என்று சேர்வதற்கு முன் கேட்டுவிடட்டும், பைக்கில் தினம் மூன்று மணிக்குக் கிளம்பிப் போய்த் திரையில் கண் விழிப்பது நான் செய்த முட்டாள்தனம்.

மூலக்கடையிலும் திருவொற்றியூர் ஹைரோட்டிலும் கரண்ட் கம்பத்தில் "ஏர்போர்ட் வேலை, எட்டாவது முதல் டிகிரி வரை, உடனடி நியமனம்" என்று ஒட்டியிருக்கிறதே, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுத பெற்றோர் எத்தனையோ பேர். அரசு நிறுவனம் தேர்வுக் கட்டணம் வாங்கும், அது ஆன்லைனில், அதன் சொந்த இணையதளத்தில் மட்டும். ஜிபேயில் தனி ஆளுக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி.

கடைசியாக அம்மா. அடுத்த முறை தொக்கைக் கவுண்டரில் போடும் பெட்டியில் வையுங்கள், எவர்சில்வர் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில், மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் இரண்டு ஜிப் கவர். மிளகாய்ப் பொடியும் அந்தப் பெட்டியில்தான். கொப்பரைத் தேங்காய் எந்தப் பெட்டியிலும் வேண்டாம், எண்ணெய்ப் பசையில் தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் மட்டும் தலைகீழ், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். துபாய் என்பதால் இன்னொன்று, குருமாப் பொடியில் கலந்திருந்தால்கூட எடுத்துவிடுங்கள்: கசகசா. இங்கே அது மளிகைச் சாமான், அங்கே போதைப்பொருள் கணக்கு, அதில் மாட்டினால் தொட்டியில் போட்டுவிட்டு அனுப்ப மாட்டார்கள்.